தொடக்க வகுப்புகளில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்டு முடிப்பார். அதே கேள்வியை அடுத்தவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். மூன்றாமவர் வாசலில் பிடித்து நிறுத்திக் கேட்பார். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் வசதி என்று இதைத் தொகுத்தேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, அதாவது ஏறக்குறைய 6 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது இது. பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் எதற்குப் பிறகு எது என்ற வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே போட்டிருக்கிறேன்.

மொத்தம் என்னென்ன பாடம் இருக்கு? முதல் வகுப்புல அறிவியலே இல்லையே?

மொழி, இரண்டாவதாக ஒரு மொழி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், அப்புறம் ஓவியம், இசை, உடற்கல்வி. இவ்வளவுதான். முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியலையும் சமூக அறிவியலையும் பல இடங்களில் சேர்த்தே நடத்துவார்கள். மழை, வீடு, உடம்பு, விலங்குகள், அக்கம்பக்கத்து மனிதர்கள் எல்லாம் ஒரே பாடத்தில் வரும். மூன்றாம் வகுப்பை ஒட்டித் தனித்தனிப் புத்தகமாகப் பிரியும். ஆகவே அறிவியல் இல்லாமல் இல்லை, வேறு பெயரில் இருக்கிறது.

எப்பப் பார்த்தாலும் பாட்டு, கைதட்டல், படம் வரையறது. பாடம் எப்போ ஆரம்பிப்பாங்க?

அதுதான் பாடம். ‘பட்டம், வட்டம், கட்டம்’ என்று ராகம் போட்டுச் சொல்லும்போது, ஒரு சொல்லின் முதல் ஒலி மட்டும் மாறியிருக்கிறது, மிச்சம் அப்படியே இருக்கிறது என்பதைப் பிள்ளையின் காது பிடிக்கிறது. சொல்லைத் துண்டாக்கிக் கைதட்டுவதும் (ப-ற-வை, மூன்று தட்டு) இதற்காகத்தான். சொல்லுக்குள் ஒலிகள் தனித்தனியாக இருக்கின்றன என்று காதுக்குத் தெரிந்த பிறகுதான், அந்த ஒலிக்கு ஒரு எழுத்து உண்டு என்பது மண்டையில் ஏறும். படம் வரைவதும் வண்ணம் தீட்டுவதும் விரலுக்குப் பயிற்சி. பென்சிலை இறுக்கிப் பிடித்து நாலு வரியில் கை வலிக்கிறது என்று அழுகிற பிள்ளைக்கு இன்னும் நாலு வரி எழுதக் கொடுப்பதைவிடக் களிமண் கொடுப்பது மேல்.

247 எழுத்தையும் முடிச்சிட்டுத்தானே வாசிக்க ஆரம்பிக்கணும்? ஏன் ‘ட’, ‘ப’ன்னு நடுவுல இருந்து தொடங்குறாங்க?

வரிசையாக எல்லாவற்றையும் முடிக்கும்வரை காத்திருந்தால், பிள்ளை மாதக்கணக்கில் ஒரு சொல்லைக்கூட வாசித்திருக்காது. ட, ப, ம ஆகிய மூன்றும் எழுதச் சுலபமான வடிவங்கள். அவற்றோடு புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் என்று வாசித்துவிடலாம். நான் வாசித்துவிட்டேன் என்ற அந்தச் சந்தோஷம் அடுத்த எழுத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். அ, ஆ வரிசை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அகராதி பார்க்க அது தேவை, பாட்டாகவே வந்துவிடும்.

இன்னொன்று. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 என்பது கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் 216 உயிர்மெய்யும் 216 தனி வடிவங்கள் அல்ல. அகர வரிசை 18, அதன்மேல் சில குறிகள், அவ்வளவுதான். ஙகர வரிசையில் ங், ங தவிர மற்றவை சொற்களில் வருவதே இல்லை எனலாம். உண்மையில் கடினமான இடங்கள் இரண்டு. ஒன்று உகர, ஊகார வரிசை: கு, சு, டு, து, மு என்று குறியின் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறும். மற்றது கெ, கே, கை: காதில் ‘க்’ ஒலிதான் முதலில் கேட்கிறது, கையோ குறியை முதலில் போட வேண்டும். கொ, கோ என்றால் இரண்டு பக்கமும் போட வேண்டும். உங்கள் பிள்ளை குறியை இடம் மாற்றிப் போட்டால் அது கவனக்குறைவு இல்லை. காதில் விழுந்த வரிசையிலேயே எழுதுகிறது. வகுப்பில் இந்த இரண்டுக்கும் அதிக நாள் எடுப்பதும் அதனால்தான்.

எழுத்தெல்லாம் தெரியுது. ஆனா இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். எப்போ சரளமா வரும்?

இரண்டாம் வகுப்பு முடியும்வரை எழுத்துக்கூட்டுவது சாதாரணம். மூன்றாம் வகுப்பில் பெரும்பாலானோர் சொல்லைச் சொல்லாகப் பார்க்கத் தொடங்குவார்கள். அது வரும்வரை ஒரு சிக்கல் உண்டு. எழுத்தைக் கண்டுபிடிப்பதிலேயே முழுக் கவனமும் செலவாகிவிடுவதால், வரியின் கடைசிக்கு வரும்போது வரியின் தொடக்கம் மறந்திருக்கும். வாசித்து முடித்துவிட்டு ‘என்ன படிச்சேன்னு தெரியல’ என்பது இதனால்தான்.

புதிது புதிதாகப் புத்தகம் திணிக்காதீர்கள். ஒரே சின்னப் பத்தியைத் தொடர்ந்து சில நாள் சத்தமாக வாசிக்க விடுங்கள். முதலில் நீங்கள் வாசியுங்கள், அப்புறம் சேர்ந்து, அப்புறம் தனியாக. வாசிக்கத் தெரிந்த பிறகும் நீங்கள் கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்த வேண்டாம். தானாக வாசிக்க முடிகிற சொற்களைவிடக் கேட்டுப் புரிந்துகொள்கிற சொற்கள் இந்த வயதில் மிக அதிகம்.

ர-ற, ல-ள-ழ, ந-ன-ண எல்லாத்தையும் குழப்புறா. ஒவ்வொண்ணையும் திருத்தணுமா, விட்டுடலாமா?

எல்லாவற்றையும் சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த முறை இரண்டு வரிதான் எழுதுவாள், அதுவும் தெரிந்த சொற்களை வைத்து. ஒரு நேரத்தில் ஒரு குழப்பத்தை மட்டும் எடுங்கள். இதில் பாதி மனப்பாடம், மீதி ஒழுங்கு. தமிழ்ச் சொல் எதுவும் ண, ன, ற, ள, ழ ஆகியவற்றில் தொடங்காது. எனவே சொல்லின் தொடக்கத்தில் ‘ந’ மட்டும்தான்.

நடுவில் வரும்போது பெரும்பாலும் பக்கத்து எழுத்தைப் பார்த்தால் போதும்: ட முன்னால் ண் (வண்டி), த முன்னால் ந் (பந்து), ற முன்னால் ன் (கன்று), ச முன்னால் ஞ் (மஞ்சள்), க முன்னால் ங் (சங்கு), ப முன்னால் ம் (பாம்பு). நாக்கு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டிய இடத்துக்கு முன்கூட்டியே போய்விடுகிறது. ஒருமுறை சொல்லிப் பார்த்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். ல, ள, ழ மட்டும் அப்படி மடங்காது. வலி, வளி, வழி மூன்றையும் வாக்கியத்தில் வைத்துப் பழகத்தான் வேண்டும்.

ஸ்கூல்ல வேற மொழி. வீட்டுலயும் அதே மொழியில பேசினா சீக்கிரம் பிடிச்சுக்குவாங்களா?

நீங்கள் தயங்கித் தயங்கிப் பேசுகிற மொழியைக் கேட்டுப் பிள்ளை வளம் பெறாது. வீட்டு மொழியில் காரணம் சொல்லவும், கதையை வரிசையாகச் சொல்லவும், வாதாடவும் பழகிய பிள்ளை அந்தத் திறமையை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்லும். புதிதாகக் கற்க வேண்டியது சொற்களும் எழுத்தும்தான். தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவது நல்லது என்று யுனெஸ்கோ 1953 முதலே சொல்லிவருகிறது.

கணக்குல இன்னும் மணியும் குச்சிக்கட்டும் வெச்சு விளையாடுறாங்க. நேரா கூட்டல், கழித்தல் சொல்லித்தரக் கூடாதா?

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் கணிசமானோர் 35 என்று எழுதுவார்கள். ஐந்தில் இரண்டு போனால் மூன்று, ஏழில் இரண்டு போனால் ஐந்து. பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று யாரோ சொன்னதைப் பத்திரமாகப் பின்பற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு 52 என்பது ஒரு 5, ஒரு 2, அவ்வளவுதான். அந்த 5 ஐந்து பத்துகள் என்பது தாளில் தெரியாது. ஐந்து குச்சிக்கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் இருந்தால், ஏழு உதிரி எடுக்க ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லாமலே புரியும்.

முதலில் கையில் பொருள், பிறகு அதன் படம், கடைசியில் எண்ணும் குறியும் என்ற இந்த வரிசைக்கு அடிப்படை, உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் முன்வைத்த கருத்து. 1980-களில் சிங்கப்பூர் தன் கணக்குப் பாடத்திட்டத்தை இந்த வரிசையில்தான் அமைத்தது. குச்சியை எப்போது விடுவது என்று கேட்டால், பிள்ளையே அதைத் தொடாமல் விடை சொல்லும்போது.

நான் ‘கடன் வாங்கி’ கழிக்கச் சொல்லித்தந்தேன். ‘டீச்சர் அப்படிச் செய்யலை’ன்னு அழுகிறாள். யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. வகுப்பில் அநேகமாக எண்கோட்டில் தாவச் சொல்லியிருப்பார்கள்: 27-இலிருந்து 30-க்கு 3, 30-இலிருந்து 50-க்கு 20, 50-இலிருந்து 52-க்கு 2, ஆக 25. கழித்தல் என்றால் எடுப்பது மட்டுமல்ல, இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள தூரமும் கழித்தல்தான் என்று காட்டுவதற்காக இது. 1000 − 998-ஐக் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள், எத்தனை பூஜ்யத்தைத் தாண்ட வேண்டும்? தாவினால் ஒரு நொடி வேலை.

உங்கள் முறை கொஞ்ச நாள் கழித்து வகுப்பிலும் வரும். அதுவரை, ‘உங்க டீச்சர் எப்படிச் செய்தாங்கன்னு எனக்குச் சொல்லித்தா’ என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் புரிந்திருக்கிறது. நடுவில் சிக்கினால் எங்கே சிக்குகிறது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

அப்போ வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாமா?

வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரிந்துகொண்டால் போதும், மனப்பாடம் தேவையில்லை என்பவர்கள் நான்காம் வகுப்பு வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஏழெட்டு (7 × 8) எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணினால் கணக்கு எங்கே நின்றது என்பதே மறந்துபோகும்.

ஆனால் பத்து வரையிலான நூறு பெருக்கலையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 3 × 7-உம் 7 × 3-உம் ஒன்றுதான் என்று தெரிந்தால் நூறு 55 ஆகிவிடும். 1, 2, 5, 10 வாய்ப்பாடுகள் தானாகவே வரும். அவற்றைக் கழித்தால் மிஞ்சுவது வெறும் 21. அதிலும் 9-க்கு ஒரு சௌகரியம் உண்டு, விடையின் இரண்டு இலக்கங்களையும் கூட்டினால் 9 வரும் (9 × 7 = 63, 6 + 3 = 9). ஆக, அடம்பிடிப்பவை 6 × 7, 7 × 8, 6 × 8 போன்ற சில மட்டுமே. அவற்றை மட்டும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

8 + 4 = ☐ + 5. கட்டத்துல 12ன்னு போட்டதுக்குத் தப்புன்னு போட்டிருக்காங்க. 8-உம் 4-உம் 12 தானே?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. விடை 7. இடப்பக்கம் 12, வலப்பக்கமும் 12 ஆக வேண்டும், அதற்கு 5-உடன் 7 சேர வேண்டும். பிள்ளைகள் அதிகம் போடும் தவறான விடைகள் இரண்டு: 12, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கூட்டி 17.

காரணம், முதல் வகுப்பிலிருந்து அவர்கள் பார்த்த கணக்கெல்லாம் 8 + 4 = என்ற வடிவம்தான். சமக்குறியை ‘இதோ விடை’ என்று அறிவிக்கும் மணியாகவே பழகிவிட்டார்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதுதான் அதன் பொருள் என்று யாரும் காட்டவில்லை. இப்போதே இதைச் சரிசெய்யாவிட்டால் மேல்வகுப்பில் இயற்கணிதம் வரும்போது மொத்தமும் புதிராகிவிடும். வீட்டில் 12 = 8 + 4 என்று திருப்பியும் எழுதிக் காட்டுங்கள், 6 = 6 என்றும் எழுதுங்கள். ‘இது தப்பு, இதுல கணக்கே இல்ல’ என்று பிள்ளை சொன்னால் அங்கேதான் வேலை இருக்கிறது.

நாலில் ஒண்ணைவிட எட்டில் ஒண்ணுதான் பெரிசுன்னு அடிச்சுச் சொல்றான். எட்டு பெரிசு தானேங்குறான்!

இதுவரை படித்த எண்களை வைத்துப் பார்த்தால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பின்னம்தான் முதன்முதலாக அந்த விதியை உடைக்கிறது. ஒரே அளவுள்ள இரண்டு காகிதக் கீற்றுகளை எடுங்கள். ஒன்றை நாலாக மடியுங்கள், மற்றொன்றை எட்டாக. ஒவ்வொரு மடிப்பிலும் துண்டு சின்னதாவதை அவன் கையே செய்யும். ‘ஒரே அளவுள்ள’ என்பது முக்கியம். பெரிய தாளில் எட்டில் ஒன்று, சின்னத் தாளில் நாலில் ஒன்றைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

அடுத்த தடுமாற்றம் ஐந்தாம் வகுப்பில் வரும்: 1/2 + 1/3 = 2/5. மேலே கூட்டி, கீழே கூட்டி எழுதியிருப்பார்கள். விதியை ஒப்பிக்கச் சொல்லாமல் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘2/5 பாதியைவிடக் கம்மி. பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் கம்மியாகுமா?’ விடையை மதிப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் பின்னப் பாடத்தில் பாதி.

அறிவியல் நோட்டுல ஒண்ணுமே எழுதலை. ஒரு மாசமா செடி வளர்க்கிறாங்களாம்!

செடியை ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள், தேதி போட்டு அட்டவணையில் எழுதுகிறார்கள், அதைப் பட்டை வரைபடமாக்குகிறார்கள், கடைசியில் நடந்ததை நாலு வாக்கியமாக எழுதுகிறார்கள். அளவை, அட்டவணை, கட்டுரை, அறிவியல் எல்லாமே ஒரு தொட்டியில் நடக்கிறது. இரண்டு செடிகளில் ஒன்றை இருட்டில் வைத்தால் மண், தொட்டி, தண்ணீர் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதையும் கற்கிறார்கள். தொடக்க வகுப்பு அறிவியலில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நின்றால் போதும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

செடி எதைத் தின்று வளர்கிறது என்று கேட்டால் ‘மண்ணை’ என்பார்கள் பிள்ளைகள். 17-ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்ற அறிவியலாளர் இதைச் சோதித்தார். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் ஒரு சின்ன மரக்கன்றை நட்டு ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது, மண்ணில் குறைந்ததோ 100 கிராம்கூட இல்லை. ஆகவே மரம் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். அதுவும் முழுச் சரியில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கு பிறகுதான் தெரியவந்தது. அளந்து பார்த்துவிட்டுத் தவறான முடிவுக்கு வரும் பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்க இந்தக் கதை உதவும்.

கோடையில பூமி சூரியனுக்குப் பக்கத்துல வரும்னு சொல்லிக்கொடுத்தேன். டீச்சர் இல்லைன்னாங்களாம்?

டீச்சர் சொன்னதுதான் சரி. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை தொடக்கத்தில் 15.2 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஜனவரியில் வடபாதியில் குளிர்காலம், தென்பாதியில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சுட வேண்டும். பூமியின் அச்சு சுமார் 23.5 பாகை சாய்ந்திருப்பதே காரணம். சூரியன் பக்கம் சாய்ந்த பாதியில் வெயில் நேராக விழும், மற்றப் பாதியில் சாய்வாக விழும். டார்ச்சைச் சுவரில் நேராகவும் சாய்வாகவும் அடித்துக் காட்டினால், சாய்வில் வெளிச்சம் பரவி மங்குவது தெரியும். (கோள்கள் ஒன்பது என்று சொல்லிக்கொடுத்திருந்தாலும் மாற்றிக்கொள்ளுங்கள், 2006 முதல் எட்டு.)

சமூக அறிவியல்ல வகுப்பறையைப் படம் போடச் சொல்றாங்க. நாடு, தலைநகரம் எல்லாம் எப்போ?

நான்கு, ஐந்தில் வரும். மேசையை மேலிருந்து பார்த்தால் வெறும் செவ்வகம் என்பதே ஏழு வயதில் ஒரு பெரிய கண்டுபிடிப்பு. காலில்லாத மேசையை வரைய மறுத்து நான்கு காலையும் நான்கு பக்கமும் விரித்து வரைவார்கள், அழகாக இருக்கும். வகுப்பறை, பள்ளி, தெரு, ஊர் என்று விரிந்த பிறகுதான் திசை, குறியீடு, அளவுத்திட்டம் எல்லாம் பொருள் பெறும். அது இல்லாமல் தலைநகரங்களை ஒப்பிப்பது வெறும் பெயர்ப்பட்டியல்.

வரைபடம் பொய்யும் சொல்லும் என்பதை ஐந்தாம் வகுப்பில் காட்டலாம். 1569-இல் மெர்காட்டர் என்ற வரைபடக் கலைஞர் கப்பலோட்டிகளுக்காக வரைந்த முறையில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. உருண்டையைத் தட்டையாக்கினால் எதையாவது இழுத்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வையுங்கள்.

போன வருஷம் நடத்தினதையே இந்த வருஷமும் நடத்துறாங்க. நேரம் வீண் இல்லையா?

தலைப்பு அதேதான், ஆழம் வேறு. பெருக்கல் இரண்டாம் வகுப்பில் ‘மூன்று மூன்றாக நாலு கூட்டம்’, நான்காம் வகுப்பில் செவ்வகத்தின் பரப்பு, ஐந்தாம் வகுப்பில் ‘12-இல் மூன்றில் ஒரு பங்கு’. குச்சிக்கட்டு பற்றி மேலே சொன்னபோது வந்த அதே புரூனர்தான் இப்படிச் சுற்றிச் சுற்றி மேலேறும் பாடத்திட்டத்தையும் 1960-இல் முன்வைத்தார். சந்தேகமாக இருந்தால் இரண்டு ஆண்டு நோட்டையும் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். கேள்விகளும் அப்படியே இருந்தால் டீச்சரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

புராஜெக்ட் எல்லாம் எங்க தலையிலதான் விழுது. மார்க் குறைஞ்சிடுமேன்னு நாங்களே செஞ்சு கொடுத்துடுறோம்.

செய்யாதீர்கள். கோணல்மாணலான சார்ட் வந்தால் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று தெரிகிறது, அச்சடித்த மாதிரி வந்தால் உங்களுக்கு என்ன தெரியும் என்றுதான் தெரிகிறது. கத்தரிக்கோல் பிடிப்பதற்கும் பொருள் வாங்குவதற்கும் உதவலாம். உயரமான அட்டை மாளிகை கேட்கும் புராஜெக்ட் என்றால் அதைக் கொடுத்தவரிடமே போய்ச் சொல்லலாம், தவறில்லை.

ஓவியம், விளையாட்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்தா என்ன நஷ்டம்?

இரண்டாம் கேள்விக்குச் சொன்னதே பாதி பதில். மீதி: விளையாட்டில் விதியை ஒப்புக்கொள்வதும் தோற்றுவிட்டுத் திரும்ப வருவதும் வேறு எந்தப் பீரியடிலும் வராது.

என் பையன் நிஜமாவே பின்தங்கியிருக்கானா, இல்ல மெதுவா வர்றானா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஆறேழு வயதில் எழுத்தையும் எண்ணையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது சகஜம், தானாகச் சரியாகும். மூன்றாம் வகுப்பின் பாதியிலும் எழுத்தும் ஒலியும் ஒட்டாமல் இருந்தாலோ, வாய்மொழியில் புத்திசாலித்தனமாகப் பேசுகிறவன் வாசிக்கச் சொன்னால் மட்டும் ஓடி ஒளிந்தாலோ, 10 வரையிலான கூட்டலுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே எண்ணத் தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பலகை தெரியாததாலேயே ‘கவனமில்லாதவன்’ என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் உண்டு. அதன்பின் டீச்சரிடம் ‘மார்க் ஏன் குறைந்தது’ என்று கேட்காமல், ‘எந்த இடத்தில் நிற்கிறான்’ என்று கேளுங்கள். தேவைப்பட்டால் கற்றல் குறைபாடுகளுக்கான நிபுணரைப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

‘இன்னைக்கு ஸ்கூல்ல என்ன படிச்ச?’ன்னு கேட்டா ‘ஒண்ணுமில்ல’ங்குறா. வேற எப்படித்தான் கேட்கிறது?

கேள்வி ரொம்பப் பெரிது, ஆறு மணி நேரத்தை ஒரு வரியில் சுருக்கச் சொல்கிறது. சின்னதாகக் கேளுங்கள். ‘செடி எத்தனை சென்டிமீட்டர் ஆச்சு?’ ‘இன்னைக்கு யார் கேட்ட கேள்வி நல்லா இருந்தது?’ ‘எதை நீ தப்பா நினைச்சிருந்த?’ பள்ளியிலிருந்து வந்த உடனே வேண்டாம், ஏதாவது வேலை செய்துகொண்டே பேச்சுவாக்கில் கேளுங்கள். நோட்டைத் திறந்து சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன், ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டி, ‘இதை எப்படிச் செய்தே?’ என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள்.